உங்களுக்குத் தெரியுமா? கபிஸ்ட்ரானோ குருவிகள்

● கலிஃபோர்னியாவின் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ மிஷன் 1776-இல் நிறுவப்பட்டது. குளிருக்குத் தப்பித் தென் அமெரிக்கா போகும் தகைவிலான் குருவிகள் வசந்தத்தில் இங்கே திரும்பும். மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று ஊரே திரண்டு வரவேற்கும்.

● ஈர மண்ணை அலகில் உருட்டிக் கொண்டுவந்து, சுரைக்குடுக்கை போலக் கூடு கட்டும். ஒரு கூட்டுக்குச் சுமார் 1,000 உருண்டைகள்!

● 1812 நிலநடுக்கத்தில் மிஷனின் கல் தேவாலயம் இடிந்து, வழிபாட்டிலிருந்த சுமார் 40 பேர் மாண்டனர். பின்னாளில் அந்த இடிபாட்டுச் சுவர்களில் குருவிகள் குடியேறின.

● மிஷனின் பழைய கல்லறைத் தோட்டத்தில் பூர்வகுடி மக்களோடு, குருவிகள் திரும்பும் கதையைப் பரப்பிய பாதிரியார் ஓ'சல்லிவனும் அடக்கம்.

● 1990-களில் இடிபாடுகளின் சீரமைப்புக்காகக் கூடுகளை அகற்றியதும் குருவிகளின் வரத்து குறைந்தது. செயற்கைக் கூடுகள் வைத்து, குருவிக் குரலை ஒலிக்கவிட்டு அழைத்தார்கள்.