நூல் காசில் கை வைக்காதீர்கள்

சகோதரிகளே! மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் தென்கோடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது மருதமுனை. அவ்வூர்ச் சாறனை உடுத்தாத வாப்பாமார் நம் பகுதியில் குறைவு. சிறு தொழில் வளர்வதையும் நொடிப்பதையும் அறிய நினைப்பவர்கள் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தத் தறிகளைப் பார்த்தாலே போதும்.

நெசவை ஆண்களின் தொழில் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நூல் சுற்றுவது யார்? பிசிறு வெட்டி மடித்து வைப்பது யார்? தறியில் உட்காரும் பெண்களும் பலர். ஆகவே இந்தக் கணக்கு உங்களுடைய கணக்குத்தான்.

1970 முதல் 1977 வரை வெளிநாட்டுத் துணி வருவது இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கைத்தறிக்கு அது பொற்காலம். நெய்ததெல்லாம் விற்றது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மலிவுத் துணி வந்து குவிந்தது. நாடெங்கும் தறிகள் வரிசையாக நின்றன. விற்பனை நன்றாக இருக்கும்போது இன்னும் இரண்டு தறி போடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். அந்த விற்பனை நம் கைத்திறனால் வந்ததா, போட்டிக்கு ஆள் இல்லாததால் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கடன் வாங்கித் தறி போட வேண்டும். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியோ எந்தக் கேள்விக்கும் இடம் வைக்கவில்லை. கரையோரத்தில் வீட்டோடு தறியும் நூலும் போயின.

ஆனால் எல்லா நெருக்கடியும் கடல் போலச் சத்தமிட்டு வருவதில்லை. 2022ஐ எண்ணிப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேலே இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பருத்தி நூலும் சாயமும் கப்பலில் வருபவை. கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். பத்துச் சாறனுக்கு நூலும் சாயமும் 6,000 ரூபா, கூலி 3,000 ரூபா என்று வையுங்கள். 12,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள். 3,000 ரூபா இலாபம் என்று மகிழ்ந்து அதை வீட்டுச் செலவுக்கு எடுக்கிறீர்கள். மறுபடி நூல் வாங்கப் போனால் 6,000 ரூபாச் சரக்கு 10,000 ரூபா என்கிறார்கள். கூலியோடு 13,000 ரூபா வேண்டும். கையில் இருப்பதோ 9,000 ரூபா. ஏழு சாறனுக்கே இழுபறி! இலாபம் என்று எண்ணிச் சாப்பிட்டது முதலைத்தான். ஒரு சதம்கூட எடுக்காமல் இருந்திருந்தாலும் 1,000 ரூபா குறைந்திருக்கும்.

அப்படியானால் விலையை எப்படி வைப்பது? வாங்கிய விலையில் கணக்குப் போடாதீர்கள். இன்றைக்கு அதே நூலை வாங்கப் போனால் என்ன விலை என்று கேட்டு அதில் போடுங்கள். இது நமக்குப் புதிய பாடமல்ல. வியாபாரச் சரக்குக்கு ஸகாத் கணக்கிடும்போது அன்றைய சந்தை விலையைத்தானே பார்க்கிறோம்? வருடத்துக்கொருமுறை செய்வதை நூல் வாங்கும் ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான். விற்ற காசில் முதலில் நூல் காசை எடுத்துத் தனி டின்னில் போடுங்கள். மூத்த மகளின் காதுக்குத் தோடு வாங்கவும் அதில் கை வைக்கக்கூடாது. கடுமையாகத்தான் இருக்கும்.

கடன் விற்பனை அடுத்த தொல்லை. "ராத்தா, பெருநாள் கழியட்டும், தாறன்" என்பவரிடம் எழுதி வாங்க நமக்குக் கூச்சம். ஆனால் குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். கொப்பியில் பெயர், தொகை, தவணை மூன்றையும் அவர் முன்னிலையிலேயே எழுதுங்கள். எழுதுவதால் உறவு முறிவதில்லை. எழுதாத தொகையைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போதுதான் முறிகிறது.

பெருநாள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பதினொரு நாளளவு முன்னே நகர்கிறது. பெரும்போக அறுவடை நகர்வதில்லை. 2025இல் மார்ச் கடைசியில், அறுவடைக் காசு கையில் இருக்கும்போது பெருநாள் வந்தது. 2030இல் அது பெப்ரவரி முதல் வாரத்துக்கு வந்துவிடும். அப்போது பல வயல்களில் நெல் வெட்டப்பட்டிருக்காது. வாங்குவோர் கடனுக்குத்தான் கேட்பார்கள். அதற்கு முந்திய மாதங்களோ நமது மாரி. சாயமிட்ட நூல் வெயில் இல்லாமல் காயாது. ஆகவே அந்தப் பெருநாளுக்கான நூலை மழை தொடங்குமுன், ஒக்டோபருக்குள் சாயமிட்டுக் காயவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான காசு அந்த டின்னில் ஓகஸ்டிலேயே இருக்க வேண்டும்.