குசினிக்கு எந்த பிரிண்டர் சரி?

ஒரு சனிக்கிழமை இரவு. லண்டன் ஹாரோவில் அப்பாவும் அம்மாவும் நடத்துகிற சின்ன உணவகத்தில் நான் கவுண்டரில் நின்றேன். வாரநாளில் எனக்கு வேறு வேலை. சனி, ஞாயிறில்தான் கடைக்குத் துணை. ஒரு சின்னப் பையனுக்கு மரக்கறி பிரியாணி. "இவனுக்கு நட் அலர்ஜி, கஜு போட வேண்டாம்" என்று தாய் இரண்டு தரம் சொன்னார். நானும் ஓடரில் அடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது, மேலே பொரித்த கஜுவோடு.

தாய் கண்டதால் பிள்ளை வாயில் வைக்கவில்லை. நான் குசினிக்குள் ஓடினேன். சமையல்கார அண்ணை ஓடர் துண்டை நீட்டினார்.

"இஞ்ச பார் பிள்ளை, கீழ்ப்பக்கம் எல்லாம் கறுத்துப் போச்சு. நான் என்னத்தை வாசிக்கிறது?"

அவரில் பிழையில்லை. பிரிட்டனில் 2014 டிசம்பரில் இருந்து 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலை உணவகங்கள் கேட்பவருக்குத் தர வேண்டும். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தத் தகவல் அடுப்படிவரை போய்ச் சேருகிறதா என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

எங்களிடம் இருந்தது பில் அடிக்கிற அதே தேர்மல் பிரிண்டர். அதற்கு மை கிடையாது. தாளில் பூசிய இரசாயனம் சூடு பட்டால் கறுக்கும். எழுத்து வருவதே அப்படித்தான். அந்தத் துண்டைத் தோசைக்கல்லுக்கு மேலே கொழுவினால் என்ன நடக்கும்? முழுத் தாளும் கறுக்கும். குறிப்பு இருப்பது கடைசி வரியில். சூட்டுக்குக் கிட்ட இருப்பதும் அதுதான்.

மற்ற வகை, ஊசி ரிப்பனில் தட்டி அடிக்கிற இம்பாக்ட் பிரிண்டர். பல உணவகங்களில் காணும் எப்சன் டிஎம்-யூ220 இந்த வகைதான். 76 மி.மீ. அகலச் சாதாரணத் தாள், கறுப்பும் சிவப்புமாக ரிப்பன். சூட்டில் எழுத்து அழியாது. 'கிர்ர், கிர்ர்' என்று கத்தும். கவுண்டரில் அது தொல்லை. புகை இழுக்கிற ஃபேன் இரையும் குசினியில் அதுவே மணி. வேகம் குறைவு, ரிப்பன் மாற்ற வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தலையிடி தந்தது தமிழ். அண்ணைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். விற்பவர் கொண்டுவந்த இம்பாக்ட் பிரிண்டரில் தமிழில் அனுப்பினேன். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. அதன் சொந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. மென்பொருள் தமிழைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் வரும். அப்படி அனுப்பினோம். வந்தது, ஆனால் ஊசிகள் குறைவென்பதால் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிப் போயின. இரண்டு மடங்கு பெரிதாக்கிய பிறகுதான் அண்ணை தலையாட்டினார். ஆகவே வாங்க முதல் உங்கட கடை மென்பொருளோடு இணைத்து, உங்கட மெனுவையே அடித்துப் பாருங்கோ. விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

வைஃபையா, வயரா என்பதில் நாங்கள் வயரையே எடுத்தோம். ஸ்டீல் கதவும் மைக்ரோவேவும் உள்ள அறையில் வைஃபை எப்போது விட்டுப்போகும் என்று சொல்ல ஏலாது. பிரிண்டரை ஆவி படாத சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குத் தள்ளிப் பூட்டினோம்.

மெனுவைத் தமிழில் அடித்தது என் மகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். பள்ளியில் படித்தபடி 'முந்திரி வேண்டாம்' என்று அடித்தாள். அண்ணை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"சரியான தமிழ்தான் அம்மா. ஆனா கஜு எண்டு போடு. அவசரத்தில என்ர கண்ணில அதுதான் படும்."

அவள் மாற்றினாள். பிறகு அண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இருந்து, மெனு முழுவதையும் ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். வீட்டில் என்னோடு ஒரு மணித்தியாலம் தமிழில் கதைக்க மாட்டாள், அன்றைக்குக் கதைத்தாள்.

இப்போது எங்கட துண்டில் ஒவ்வாமைக் குறிப்பு முதல் வரிக்கு வந்துவிட்டது. 'நட் அலர்ஜி' என்று சிவப்பில் ஆங்கிலத்தில், லீவுக்கு நிற்கிற மற்றச் சமையல்காரருக்காக. கீழே பெரிய எழுத்தில் 'கஜு வேண்டாம்'. அதோடு ஒரு பழக்கமும் வைத்திருக்கிறோம். அந்தத் துண்டு வந்தால் கவுண்டரில் நிற்பவர் உள்ளே போய் வாயாலும் சொல்ல வேண்டும், அண்ணை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரிண்டரில் தாள் முடிகிற நாளும் வருமே.

போன மாதம் அந்தப் பையனும் தாயும் திரும்ப வந்தார்கள். மகள்தான் ஓடர் எடுத்தாள். உள்ளே 'கிர்ர்' என்று சத்தம் கேட்டது. அவள் போய்ச் சொல்ல முதலே அண்ணையின் குரல் வந்தது: "கஜு வேண்டாம், கண்டிட்டன்!"