திட்டத்தை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

'லைன் ஸ்லோ' என்றதும், கோல சிலாங்கூர் தோட்டங்களில் பலர் விலை கூடிய திட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். கோளாறு வீட்டுக்குள் இருந்தால் பணம்தான் போகும்; பிள்ளைகளின் இணைய வகுப்பு அப்படியேதான் தடைபடும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது.

ஃபைபர் இணைப்பு என்றால், மடிக்கணினியைக் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் பொருத்தி வேகத்தை அளவுங்கள். வேகம் சரியாக இருந்தால் குறை வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிப் போகும். ஆனால் நெரிசல் அதிகம். 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் உள்ள அறையிலேயே படிப்பவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது.

கேபிளிலும் வேகம் 90 எம்பிபிஎஸ் சுற்றியே நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100-ஐத் தாண்டாது.

ஃபைபர் எட்டாத இடங்களில் சிம் ரவுட்டர்தான் துணை. 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது நம் வட்டாரத்துத் தென்னமரத்தில்தான். இன்று அந்தச் செம்பனையே அலைக்குத் தடை; மழையில் நனைந்த ஓலைகள் அதை இன்னும் உறிஞ்சும். ரவுட்டரைக் கோபுரம் உள்ள பக்கத்து ஜன்னலில் உயரமாக வைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் பாருங்கள். -80 நல்லது; -110 மிகப் பலவீனம்.

எல்லாம் சரியாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால், ஒரு வாரம் தேதி, நேரம், வேகம் மூன்றையும் குறித்து நிறுவனத்திடம் கொடுங்கள். தீராவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். 'ஸ்லோ' என்ற சொல்லைத் தட்டிக்கழிப்பது எளிது. எண்களை அப்படித் தள்ளிவிட முடியாது.