பத்தமடைப் பாயும் தாமிரபரணி நீரும்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் கரைகளிலும் அதன் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரையைக் கொண்டு, சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் நெய்யப்படும் பாய், 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளின் தரமும் பெயரும் அது உருவாகும் ஊரைச் சார்ந்தவை என்பதற்குச் சட்டம் அளிக்கும் சான்றே அக்குறியீடு. அப்பாயின் சிறப்பு முழுவதும் தறிக்கே உரியதெனப் பலர் கருதினாலும், அதன் நுண்மையில் பெரும்பங்கு, கோரை தறியேறுவதற்கு முன்பே ஆற்று நீரில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

முற்றிய கோரை வளையாமல் ஒடிந்துவிடும் என்பதால், அது பசுமையாக இருக்கும்போதே அறுக்கப்படுகிறது. அறுத்த தண்டை நெடுக்குவாட்டில் கிழித்து, பஞ்சு போன்ற உட்பகுதியைச் சீவி நீக்கி, எஞ்சும் தோலை வெயிலில் உலர்த்துவர். சாதாரணப் பாய்க்கு இதுவே போதும். ‘பட்டுப் பாய்’ எனப்படும் மெல்லிய வகைக்கோ, உலர்ந்த கோரையைக் கட்டுகளாக்கி ஓடும் நீரில் ஒரு வாரம் வரை ஊறப்போட்டு, அது பருத்து நெகிழ்ந்தபின் மீண்டும் உலர்த்தி, நூலுக்கு நிகரான இழைகளாகக் கிழிக்க வேண்டும். கனடாவின் பழங்குடியினர் பனியில் கால் புதையாமல் நடப்பதற்கான பனிக்காலணியைச் செய்யும்போது, வளைத்த மரச்சட்டத்தில் பதப்படுத்தாத தோல்வாரை ஈரத்தோடு பின்னி, அது உலர்ந்து தானே இறுகும்படி விடுவதும் இத்தகைய அறிவே. அங்கே நீர் பின்னலை இறுக்க உதவுகிறது, இங்கே இழையை மெலிதாக்க உதவுகிறது.

தறி மிக எளியது. தரையில் முளையடித்துக் கட்டிய இரு மூங்கில்களுக்கிடையே பருத்தி நூலையோ பட்டு நூலையோ நீளவாட்டில் இழுத்துக் கட்டுவது பாவு. அதன் குறுக்கே செலுத்தப்படும் கோரை இழை ஊடை. பாவின் மேல் குறுக்காக இட்ட பலகையில் அமர்ந்து நெய்பவர், நீண்ட குச்சியின் நுனியில் இழையைக் கோத்துச் செலுத்தி, பாவு நூல்கள் ஊடுருவிச் செல்லும் ‘அச்சு’ என்னும் துளைக்கட்டையால் அதை நெருக்கி அடிக்கிறார். பாயின் நுண்மையைக் குறிக்கும் ‘கவுண்ட்’ கணக்கில் பட்டுப் பாய் 100 முதல் 140 வரை செல்லும். சாயமேற்றிய கோரையால் மணமக்கள் பெயரை நெய்து சேர்க்கும் திருமணப் பாய்கள் இன்றும் விரும்பி வாங்கப்படுகின்றன; முன்பு தாவரச் சாயங்கள் இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் இரசாயனச் சாயங்களே உள்ளன, இது வருந்தத்தக்கதே.

இத்தொழிலைத் தலைமுறைகளாகக் காத்துவருவோர் பெரும்பாலும் இலப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்களாவர். விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் விலையில் அவர்களை எளிதில் வென்றுவிடுகின்றன. புவிசார் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி, பல நாள் உழைப்புக்குரிய கூலியைப் பெற்றுத் தராது. ஆகவே பத்தமடைப் பாய் வாங்க விரும்புவோர் அவ்வூருக்கே சென்று நெய்பவரிடமோ அவர்தம் கூட்டுறவுச் சங்கத்திடமோ வாங்குவது நன்று. கையில் எடுத்துத் துணிபோல் மடித்துப் பார்த்தால், ஒடியாமல் மடிவதே பட்டுப் பாய்.