காற்றுக்கு எதிரே ஒரு நாள்

மான் வேட்டை என்றதும் குதிரையில் விரட்டிப்போகும் ராஜாக்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நடப்பது வேறு. அங்கே விரட்டினால் ஆட்டம் முடிந்தது. செம்மான் பார்க்காமல், கேட்காமல், முக்கியமாக மோப்பம் பிடிக்காமல் அதை நெருங்கவேண்டும். பகல் முழுக்க அதற்கே போய்விடும். டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் கடைசி என்று வைத்துக்கொள்வோம். கலைகள் (ஆண் மான்கள்) பிணைகளை (பெண் மான்களை) சேர்த்துக்கொண்டு உறுமும் காலம். காலையில் எஸ்டேட் வேட்டைக்காரர், வேட்டையாட வந்த விருந்தாளியை ஒரு குறிப்பலகையில் சுடச் சொல்வார். துப்பாக்கியைச் சரிபார்க்க என்பார். சோதனை யாருக்கு என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு மலையேறி, ஈரப் புல்லில் படுத்துத் தொலைநோக்கியால் எதிர்ச்சரிவைத் துழாவுவார். பெரிய கொம்பைத் தேடுகிறார் என்று நினைக்காதீர்கள். வயதாகி உடம்பு வற்றிப்போன கலைதான் பெரும்பாலும் அவருக்கு வேண்டும். கண்டுபிடித்தாயிற்று, ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் காற்று நம் முதுகில் பட்டு மான் பக்கம் வீசினால் நேரே போக முடியாது. மலையைச் சுற்றிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாக வரவேண்டும். மூன்று பக்கமும் சுவரெழுந்த மலைமடிப்புகளில் அது இன்னும் மோசம்: சந்தில் மாட்டிய புகை மாதிரி காற்று சுற்றிச் சுற்றி வரும்.

கடைசித் தூரம் ஊர்ந்துதான். கரிச்சேற்றுத் தண்ணீர் சட்டைக் கழுத்தில் புகுந்து இடுப்பு வரை இறங்கும். நாள் கெடுவது இங்கேதான். கலையையே பார்த்துக்கொண்டு போகிறவர் பிணையை மறந்துவிடுவார். அது தலை தூக்கினால் அப்படியே அசையாமல் கிடக்கவேண்டும். ஒருமுறை குரைத்தால் போதும் (ஆமாம், பிணை குரைக்கும்), மந்தை மொத்தமும் மேடேறி மறைந்துவிடும். சில நாள், காலடியிலிருந்து க்ரௌஸ் பறவை ஒன்று கத்திக்கொண்டு கிளம்பிக் காலை முழுக்கப் பட்ட பாட்டைக் கெடுக்கும்.

எல்லாம் கூடி வந்தால்தான் வேட்டைக்காரர் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கையில் தருவார். அப்போதும் அவசரம் கூடாது. கலை பக்கவாட்டில் நிற்கவேண்டும், பின்னால் வேறு மான் இருக்கக் கூடாது. முகட்டில் வானத்தை ஒட்டி நின்றால் விட்டுவிடவேண்டியதுதான். தவறிய தோட்டாவைத் தாங்க அங்கே மண் இல்லை.

சுட்ட கலையை விழுந்த இடத்திலேயே குடலெடுத்து, உறுப்புகளில் நோய்க்குறி உண்டா என்று பார்த்துக் கீழே இறக்குவார்கள். முன்பு மட்டக்குதிரை, இப்போது பெரும்பாலும் மலைவண்டி.

பாவமில்லையா என்பீர்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே. ஆனால் ஸ்காட்லாந்தில் மானைத் தின்னும் ஓநாய் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. பெருகிய மான்கள் இளம் மரக்கன்றுகளை மேய்ந்து, காட்டைத் தலையெடுக்கவிடுவதில்லை. 1852இல் பால்மோரல் எஸ்டேட்டை வாங்கிய விக்டோரியா ராணியின் குடும்பம் இந்த வேட்டையைப் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்காக்கியது. அந்தப் பகட்டு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் தேவை பொய்யல்ல. 2023இல் கலைகளுக்கான தடைக்காலத்தையே ஸ்காட்லாந்து நீக்கிவிட்டது.

கலையை மட்டும் சுட்டால் எண்ணிக்கை குறையாது, குட்டி போடுவது பிணைதானே. அதைச் சுடும் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை. பனியும் குறுகிய பகலுமான மாதங்கள். அந்த வேலையில் பெரும்பகுதி விருந்தாளிகள் ஊர் திரும்பியபின் எஸ்டேட் வேட்டைக்காரர் தலையில்தான் விழுகிறது.