உருளைக்கிழங்குப் பாத்தியும் சாம்பல்சத்தும்

சிறுநீரகப் பிரிவின் புறநோயாளி அறையில் நாங்கள் நாள்தோறும் பலமுறை சொல்லும் வாக்கியங்களுள் ஒன்று, "உருளைக்கிழங்கைத் தவிர்த்துவிடுங்கள்" என்பது. சொல்லி முடிக்க இரண்டு விநாடி போதும். அந்த அறிவுரை ஒரு வீட்டுத் தோட்டத்தை என்ன செய்தது என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்துகொண்டோம்.

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு மலையிறங்கி வருபவர் அவர். வயது அறுபதைக் கடந்தவர். வீட்டின் பின்புறம் மூன்று சென்ட் நிலத்தில் ஆண்டுதோறும் உருளைக்கிழங்கு நட்டுவந்தார். எங்கள் சொல்லைக் கேட்ட மறுவாரமே விதைக்கிழங்குகளை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார். "தின்னக்கூடாததை எதுக்கு நடணும்னு விட்டுட்டாருங்க. இப்ப வாசல்லயே உட்கார்ந்திருக்காரு" என்று அவருடைய மனைவி செவிலியரிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் அவர் அதைச் சொன்னதேயில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

இவ்வளவு செய்தும் அவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் குறையவில்லை. 3.5 முதல் 5.0 வரை இருக்கவேண்டியது, இருமுறை தொடர்ந்து 6-க்கு மேல் இருந்தது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்தின் துடிப்பு தடுமாறும். சில வேளைகளில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும். ஆகவே சற்றுக் கடுமையாகவே கேட்டோம்: வீட்டில் ஒளித்துச் சாப்பிடுகிறீர்களா? அவர் தலைகுனிந்து மௌனமாக இருந்தார். அந்தக் கேள்விக்காகப் பிற்பாடு நாங்கள் வெட்கப்பட்டோம்.

விடையைக் கண்டுபிடித்தவர் எங்கள் உணவியல் நிபுணர். அவர் காய்கறிகளை விட்டுவிட்டு உப்பைப் பற்றிக் கேட்டார். இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிச் சமைத்துவந்திருக்கிறார்கள். அத்தகைய உப்புகளில் சோடியத்தின் இடத்தை நிரப்புவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக இயங்குவோருக்கு அது நன்மை தரலாம், செயலிழந்தவர்களுக்கு ஆபத்து.

இதை விளக்கத் தொடங்கியபோது அவருடைய முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. பொட்டாசியம் என்ற சொல் அவருக்கு எங்கள் இரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள ஒரு சொல், அவ்வளவே. அப்போது எங்களுள் ஒருவருக்கு உழவர்கள் வழங்கும் சொல் நினைவுக்கு வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்கிறார்களே, அந்தச் சாம்பல்சத்துதான் இது என்றோம். உரக்கடையில் செந்நிறத் துகளாக விற்கும் பொட்டாஷ் உரமும் இதே பொட்டாசியம் குளோரைடுதான் என்றோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உரமூட்டையில இருக்கறதையா குழம்புல போட்டோம்? முதல்லயே சாம்பல்சத்துன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே, டாக்டர்" என்றார். எட்டு மாதமாக நாங்கள் அவரோடு பேசியதாக எண்ணியிருந்தோம்.

அதன்பின் உரையாடல் எளிதாயிற்று. இலையில் உருவாகும் சர்க்கரையைக் கிழங்குக்குக் கொண்டுசேர்த்து மாவாகச் சேமிக்கச் செடிக்குச் சாம்பல்சத்து வேண்டும் என்பதை அவர் எங்களைவிட நன்றாக அறிவார். அந்தச் சத்து கிழங்கிலேயே தங்குவதால்தான் 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. இன்னொன்றையும் சொன்னோம்: முற்காலத்தில் விறகுச் சாம்பலைப் பானையிலிட்டு நீர் ஊற்றிக் கரைத்து இதை எடுத்தார்கள், ஆங்கிலப் பெயரே அந்தச் சாம்பல் பானையிலிருந்து வந்தது. நீரில் கரைவது என்பதால், கிழங்கிலிருந்தும் அதைப் பெருமளவு கரைத்து வெளியேற்றலாம்.

அதற்கு முறை உண்டு. தோலைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஏறக்குறைய பாதி பொட்டாசியம் போய்விடும். வெறும் குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைப்பதால் பெரும்பயன் இல்லை. பலர் இதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். முழுக்கிழங்கைத் தோலோடு குக்கரில் வைத்தால் சத்து உள்ளேயே நின்றுவிடும். வேகவைத்த நீரை வீணாக்க மனமின்றிக் குழம்பில் சேர்ப்பது நம் வீடுகளின் நல்ல பழக்கம்; இங்கே மட்டும் அது வேண்டாம். சிப்ஸ் எந்நாளும் கூடாது. இப்படி வேகவைத்ததையும் எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் உண்ணலாம் என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து உணவியல் நிபுணர்தான் சொல்லவேண்டும். சிறுநீரக நோயாளர் எல்லாருக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தொடக்க நிலையில் உள்ள பலருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கும்.

தோட்டத்துக்கு வருவோம். நீலகிரியில் மார்ச் - ஏப்ரல், ஆகஸ்ட் - செப்டம்பர், ஜனவரி - பிப்ரவரி என மூன்று பருவங்களில் நடலாம். சமவெளியில் அக்டோபர் - நவம்பர் ஒன்றுதான். இரவு குளிர்ந்தால்தான் கிழங்கு பிடிக்கும். 40 முதல் 50 கிராம் எடையுள்ள, முளைக்கண் விழித்த கிழங்கை வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் விட்டு நடுவது வழக்கம். மலைப்பகுதி விதைக்கிழங்கைச் சமவெளி உறவினருக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். 1961-இல் உதகைப் பகுதியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு மண்ணோடும் கிழங்கோடும் பயணம் செய்யும்.

மருத்துவர்களாக எங்களுக்கு முக்கியமானது மண் அணைப்பது. உருளைக்கிழங்கு வேர் அன்று. மண்ணுக்குள் பருத்த தண்டு. வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அதோடு சோலனைன் என்ற நச்சும் மிகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி வரும். வேகவைத்தாலும் அந்த நச்சு அழிவதில்லை. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒருநாள் வயிற்றுப்போக்குகூடச் சிறிய செய்தியன்று. எனவே செடி வளர வளர மண் அணையுங்கள். தோண்டியதை இருட்டில் வையுங்கள். நன்கு பச்சையானதையும் முளைவிட்டதையும் சமையலறைக்குக் கொண்டுவராதீர்கள்.

மண் அணைப்பதற்கு மண்வெட்டி பிடிக்கவேண்டும். எங்கள் கவலை அங்கேதான் தொடங்கியது. ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்குவதும், வெட்டுக்காயம் படும்படி வேலை செய்வதும் கூடாது. அதனால் அவருடைய மகன் வெட்டிக்கொடுக்க, இவர் சிறு கொத்தினால் மறுகையால் அணைத்தார். டயாலிசிஸ் நாளில் தோட்டத்துக்குப் போகவில்லை. வெயில் ஏறுமுன் வேலையை முடித்தார். தாகம் எடுத்தால் அன்றைய நீர் அளவு மீறிப்போகும் அல்லவா? குனிய முடியாதவர்கள் மேசை உயரத்தில் சாக்குப்பைகளை வைத்து அவற்றிலும் வளர்க்கலாம்.

நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு பாத்தியில் இறங்கவே கூடாது; முள் குத்தியது மூன்று நாள் கழித்துச் சீழ் பிடித்த பிறகே தெரியவரும். மழைக்காலச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது எஞ்சியுள்ள சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. காலணியும் கையுறையும் எல்லாருக்கும் வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் குழாயைச் சுற்றி மண் படாமல் காத்து, பை மாற்றுமுன் கைகளை நன்றாகக் கழுவவேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள் முதல் சில மாதங்களுக்கு மண்ணையும் மக்கிய உரத்தையும் தொடவேண்டாம். பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றும். பின்னர் முகக்கவசத்தோடு தொடங்கலாமா என்பதை எங்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அவர் ஏப்ரலில் நட்டார். ஜூலை மழையில் சில செடிகளின் இலை கருகியது. பறித்து எரித்துவிட்டதாகச் சொன்னார். ஆகஸ்டில் தோண்டியபோது ஒரு பை நிறைய எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்தது. கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்த தொற்றுத்தடுப்புச் செவிலியர் பையை வாசலோடு நிறுத்திவிட்டார், சரியான செயல்தான். அன்று அவருடைய பொட்டாசியம் 5.1.

அதே பாத்தியில் மறுபடியும் உருளைக்கிழங்கு நட்டால் நூற்புழு பெருகும் என்பதால், அடுத்து பீன்ஸ் போடப்போவதாகச் சொன்னார். ஊசி குத்துவதற்காகக் கையை நீட்டியபடியே, பீன்ஸில் சாம்பல்சத்து எவ்வளவு என்று கேட்டார். உருளைக்கிழங்கில் ஏறத்தாழப் பாதி என்றோம்.