மூன்றாம் வருடம் வராத போன்

எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் முதல் ஒன்றரை வருடத்தைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகப் பேசுவார்கள். ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தது, மூச்சு வாங்காமல் மாடி ஏறியது, கல்யாண வீட்டில் சித்தப்பாவுக்கே அடையாளம் தெரியாமல் போனது. அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டால் பேச்சு குறைந்துவிடும். எடை ஓரிடத்தில் நின்று, பிறகு மாதம் அரை கிலோ, முக்கால் கிலோ என்று திரும்பி வந்திருக்கும். “இத்தனை லட்சத்தைக் கொட்டி என்ன பிரயோஜனம்?” என்று வீட்டில் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். அன்றோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும் நின்றிருக்கும்.

ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்? உயரம் 160 செ.மீ., எடை 120 கிலோ உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 25 என்றால் அவர் 64 கிலோ இருக்க வேண்டும். ஆக 56 கிலோ அதிகம். அந்த அதிகத்தில் பாதி குறைந்தாலே வெற்றி என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவுகோல். அதன்படி 92 கிலோவில் நிற்கும் அந்தப் பெண் ஜெயித்தவர். அவர் மனத்தில் இருப்பதோ 65. இந்த இடைவெளியை மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

கொஞ்சம் எடை திரும்புவது எதிர்பார்க்கவேண்டியதுதான். 1987இல் தொடங்கிய ஸ்வீடன் நாட்டுப் பெரிய ஆய்வில், இரைப்பையைச் சுருக்கிக் குடலின் ஒரு பகுதியை ஒதுக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் வருடம் அது 25 ஆக இருந்தது. குறைந்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பினால்தான் கவலைப்பட வேண்டும் என்பது இப்போதைய நிபுணர் கருத்து. 36 கிலோ குறைத்தவருக்கு நாலைந்து கிலோ ஏறினால் அது தோல்வி இல்லை. பதினொன்றைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். சுகர் மாத்திரை நின்றது நின்றபடியே இருக்கிறதா, குறட்டையும் முழங்கால் வலியும் குறைந்ததா என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். வீட்டில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை.

சரி, உண்மையிலேயே ஏறிவிட்டது. அடுத்து என்ன? இரண்டாவது ஆபரேஷன் என்று தாவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய. பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி இரண்டும் எடுத்தால் இரைப்பை விரிந்திருக்கிறதா, இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குறுகலாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் மேல்பகுதி முழுதாக நீக்கப்படாமல் மிஞ்சியிருக்கிறதா என்பது தெரியும். தைராய்டு பார்க்க வேண்டும். இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையை ஏற்றும். அவற்றை எழுதிய டாக்டருக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாமல் இருக்கலாம். குடிப்பழக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறும்.

பிறகு சாப்பாடு. “அரை இட்லிதான் மேடம் சாப்பிடுறேன்” என்று டயட்டீஷியனிடம் சொல்பவர் பொய் சொல்லவில்லை. வாழைப்பழ அளவுக்குச் சுருங்கிய இரைப்பையில் இட்லியும் கோழித்துண்டும் நெஞ்சில் நிற்கும்; மென்று விழுங்கப் பொறுமை வேண்டும். மிக்ஸரும் ஐஸ்கிரீமும் பாயசமும் அப்படியில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சாயங்காலம் நாலு மணிக்குக் கிண்ணத்தில் கொட்டிய மிக்ஸரை எட்டு மணி சீரியல் வரை கொறித்தாலும் வயிறு ஒருமுறைகூட நிரம்பியதாகச் சொல்லாது. கூடவே சர்க்கரை போட்ட காபி மூன்று டம்ளர். புரதம் தினம் 60 கிராமாவது வேண்டும் என்ற அறிவுரை எங்கோ பின்னால் போய்விடுகிறது.

வாயைக் கட்டாததுதான் ஒரே காரணம் என்று அடித்துச் சொல்லும் சர்ஜன்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் வருடம் பசியே இருக்காது, எடை தானாக இறங்கும். அந்த நேரத்தில்தான் டயட்டீஷியன் அடிக்கடி போன் செய்கிறார். பேக்கேஜ் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். பசி திரும்பும் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் போன் வருவதில்லை. இன்ஷூரன்ஸும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். வருடாந்தர ரத்தப் பரிசோதனைக்குப் பல பாலிசிகளில் பைசா கிடையாது. என்னைக் கேட்டால் ஏறிய பத்து கிலோவைவிடப் பெரிய ஆபத்து இங்கேதான்.

எடை ஏறியதற்கு வெட்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதவர், அதோடு சத்து மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். உடம்பு சேமித்து வைத்த பி12 உடனே தீராது. வருடங்கள் கழித்துக் கால் மரத்துப்போகும்போது யாருக்கும் பழைய ஆபரேஷன் ஞாபகத்துக்கு வராது. அசைவம் தொடாத வீடுகளில் இது இன்னும் சீக்கிரம். மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இரும்புச் சத்தும் இறங்கும். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு தயமின் குறைந்து மூளையே பாதிக்கப்படலாம். அந்த நிலையில் சும்மா குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். ஸ்லீவ் செய்தவரின் நெஞ்செரிச்சல் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே ஓடும். தொந்தரவு இல்லாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் அன்று சொல்லியிருந்தாலும், அன்றைய அலுப்பில் அது யார் காதில் விழும்?

எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டனவே என்பார்கள். வந்தது நல்லதுதான். ஆபரேஷன் சரியாகப் பலன் தராத 70 பேரை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. லிராகுளுடைட் ஊசி போட்டவர்கள் 24 வாரத்தில் ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தார்கள், போலி ஊசி போட்டவர்கள் அரை சதவீதம். ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும், செலவு மாதா மாதம். ஏற்கெனவே அரைவயிறு சாப்பிடுபவருக்குப் பசியை இன்னும் அடக்கும்போது சத்துக்குறைவை யார் கவனிப்பது என்ற பழைய கேள்வி இங்கேயும் வந்து நிற்கும். இரண்டாவது ஆபரேஷனில் முதல் தடவை அளவுக்கு எடை குறையாது, சிக்கலும் அதிகம். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது நெஞ்செரிச்சலால் அவதிப்படுபவருக்குப் பலன் தரும். எடைக்காக மட்டும் என்றால் நிதானமாக யோசிக்க வேண்டும்.

எந்த வழியானாலும் கையில் ஒரு தாள் வேண்டும். புது டாக்டர் “என்ன ஆபரேஷன்மா பண்ணாங்க?” என்று கேட்டால், “வயித்தைச் சின்னதாக்கினாங்க சார்” என்பதுதான் பல பேரின் பதில். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. ஆபரேஷன் குறிப்பின் நகலை, முதலில் செய்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா என்பது அதில் இருக்கும். பைபாஸ் என்றால் எத்தனை சென்டிமீட்டர் குடலை ஒதுக்கினார்கள் என்பதும் இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஒதுக்கலாமா, அல்லது ஏற்கெனவே ஒதுக்கியதே அதிகமாகிப் புரதம் சேராமல் கால் வீங்குகிறதா என்பதை அந்த எண் தெரியாமல் எந்த சர்ஜனாலும் சொல்ல முடியாது.